உங்கள் விருப்பப்படி உதவி

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் சற்று ஓய்வெடுத்துக்கொண்டது. மூன்றாவதாக, எங்கள் அலுவலகம் 'விருப்பத்துக்கேற்ற உதவி'யைக் கண்டுபிடித்தது. அதில் எனக்கும் பங்குண்டு என்பதை எவ்வளவு அடக்கமாகச் சொன்னாலும் பெருமையாகத்தான் ஒலிக்கிறது.

எங்கள் மென்பொருளில் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தால் வேலை நடக்கும். வழி தெரியாவிட்டால் 'உதவி' என்று அடிக்க வேண்டும், குறிப்பு வரும். அதை எழுதுவது என் உத்தியோகம். முன்பு எல்லோருக்கும் ஒரே குறிப்பு. என்ன காட்டுமிராண்டித்தனம்! இப்போது நிறம், நீளம் எல்லாம் அவரவர் விருப்பம். வேலையை நடுவில் நிறுத்த எந்த விசையை அழுத்துவது என்பதைக்கூட மென்பொருளை வாங்கும் அந்தந்த அலுவலகமே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்த விசை எது என்று சொல்லும் வரியை மட்டும் எங்கள் தலைவர் ஒரு கூட்டத்தில் மறைத்துவைக்கச் சொன்னார்.

"கடையைத் திறக்கும்போதே எப்படி மூடுறதுன்னு போர்டு மாட்டுவாங்களாம்மா?"

"தேவைப்பட்டா, சார்?"

"தேவைப்படுறவங்க அமைப்புகள்ல, அதான் செட்டிங்ஸ்ல, போய்த் திறந்துக்கட்டும். அவங்க சுதந்திரத்துல நாம தலையிடக் கூடாது."

எல்லோரும் கைதட்டினோம். எனக்குள் ஏதோ ஒன்று மட்டும் தட்டவில்லை. அதற்குக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயும் எங்கள் மென்பொருள்தான்.

"அக்கா, போன வருஷத்து ரிசல்ட்டை அழிக்கச் சொன்னாங்க. வருஷத்தைப் போட மறந்துட்டேன். இன்னிக்கு எடுத்ததையும் சேர்த்து அழிச்சுட்டே போகுது! எப்படி நிறுத்துறது?"

"பதறாதே. பக்கத்துத் திரையில 'உதவி'ன்னு அடி."

"அடிச்சேன். 'அன்புத் தோழியே, எந்த நிறம் பிடிக்கும்?'னு கேக்குது."

நெகிழ்ந்துபோனேன். அது என் வாக்கியம்.

"ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

"பச்சை. இப்போ சுருக்கமாவா, விரிவாவாங்குது. ஐயோ, 'க'வுல ஆரம்பிக்கிற பேரெல்லாம் போயிடுச்சுக்கா!"

"சுருக்கம், சுருக்கம்!"

"வந்துடுச்சு. பச்சையா, மரியாதையா, அழகா இருக்கு. நிறுத்துறதுக்கு மட்டும் வழி இல்ல."

"அது மறைஞ்சிருக்கும். அமைப்புகள்ல போய்த் திற."

"வேலை முடியும்வரை அமைப்புகளை மாத்த முடியாதாம். அட, நீ எழுதினதுதானே? எந்த விசைன்னு நீயே சொல்லித்தொலையேன்!"

"அது உங்க ஆபீஸ் விருப்பம்டி. எனக்கெப்படித் தெரியும்?"

மறுமுனையில் நாற்காலி கவிழ்ந்த சத்தம். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். எங்கள் குறிப்பில் இல்லாத வழி.

பாதிப் பேரின் முடிவுகள் தப்பின. மீதிப் பேரை மறுநாள் திரும்ப வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை இதைக் கூட்டத்தில் சொன்னேன். தலைவர் முகம் கவலையில் சுருங்கியது.

"குறிப்பு எந்த நிறத்துல வந்துச்சாம்?"

"பச்சை, சார்."

"நல்லா இருந்துச்சாமா?"

"ரொம்ப அழகா இருந்துச்சாம்."

அப்பாடா என்று சாய்ந்துகொண்டார். 'பயனர் நிறைவு: முழுமை' என்று பதிவானது. இந்த முறையும் கைதட்டல்.

அதே நேரத்தில் பரிசோதனைக் கூடத்தில், முதல் நாள் குத்திய இடம் இன்னும் கன்றிக் கிடந்த கைகளோடு வரிசை நின்றது. என் தங்கை ஊசியைப் பிரித்தபடி ஒவ்வொருவரிடமும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"வலது கையா, இடது கையா? உங்க விருப்பம்."