கீச்சுக்கு ஒரு கிளிப்

"கீச்!"

பாட்டு மெதுவாக இறங்க வேண்டிய இடத்தில், கொக்கியின் சாக்ஸபோன் வால் மிதிபட்ட பூனையைப் போல அலறியது.

டிரம் அடித்துக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேண்டு மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் என்பதெல்லாம் சனிக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் அவர் அந்தத் தானியக் கிடங்கின் எடைமேடை கிளார்க்.

கொக்கி இருவரையும் பார்க்கவில்லை. மாடியில் கண்ணாடி அறைக்குள் நின்ற மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் வழக்கம்போல முகத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். கிழிந்து தொங்கும் பழைய வலையையும் துருப்பிடித்த குறுக்குக் கம்பிகளையும் தவிர அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது.

"பாத்தியா? நீ கீச்சுங்கறப்பல்லாம் மனுஷன் மேல பாத்துக் கடவுள்கிட்ட முறையிடறாரு" என்றார் மாஸ்டர். "அடுத்த சனிக்கிழமை கீழயே இறங்கி வந்து, பக்கத்துல நின்னு கேக்கப் போறாராம்."

"கேக்கட்டுமே."

"கேட்டுட்டுப் பேண்டைக் கலைச்சார்னா? நீயும் லாரிக்கு, நாங்களும் லாரிக்கு."

கொக்கிக்கு இடுப்பில் சுளீரென்றது. சனிக்கிழமை என்றால் கிடங்கின் ஷட்டர்கள் எல்லாம் திறந்துவிடப்படும், லாரிகள் வரிசையாக வந்து நிற்கும், வாரத்திலேயே அதிகமான மூட்டை அன்றைக்குத்தான் ஏறும். மூட்டையைக் கொக்கி போட்டு இழுக்கிற வேகத்தால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. மற்ற நாட்களில் மூட்டைக்கு வாய் கட்டி ஒப்பேற்றிவிடுவான், சனிக்கிழமை தூக்கியே ஆக வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் இப்படித் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் மேனேஜருக்குத் திடீரென்று கலை ஆர்வம் பிறந்தது. சனிக்கிழமைகளில் கிடங்குக்குள் பேண்டு வாசிக்க ஆள் வேண்டும், வாசிப்பவர்களுக்கு அன்றைக்கு மூட்டை கிடையாது என்று அறிவித்தார். கொக்கி சின்ன வயதில் ஒரு பேண்டு செட்டுக்கு வாத்தியம் சுமக்கப் போனவன். சுமந்த தோஷத்துக்குக் கொஞ்சம் ஊதவும் கற்றிருந்தான். ஊதிக் காட்டியபோது, முடிப்பதற்குள் மேனேஜர் கையைத் தூக்கி, "போதும்பா, நீதான்" என்று சொல்லிவிட்டார். தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று கொக்கி அதை வீட்டில் சொல்லிக்கொண்டான்.

வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கும்போது, கிடங்கைக் கூட்டுகிற அக்கா வந்து நின்றாள்.

"அதுக்குள்ள முடிச்சுட்டியா தம்பி? நீ ஊதுற அன்னைக்குத்தான் எனக்குப் பாதி வேலை மிச்சம்."

"காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிப் போய் உக்காந்துக்கறேன்னு நேராவே சொல்லுக்கா. நீயும் ஏன் குத்திக் காட்டற?"

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கொக்கி பெட்டியைப் படாரென்று மூடிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கோளாறு எங்கே என்று அவனுக்குத் தெரியும். சாக்ஸபோனின் வாய்ப்பக்கம் நாணலைச் சீவிச் செய்த ஒரு ரீடு இருக்கும். அது அதிர்ந்தால்தான் சத்தம். அந்த ரீடை நகராமல் இறுக்கிப் பிடிக்கிற வளையத்துக்கு லிகேச்சர் என்று பெயர். கொக்கி அதைக் கிளிப் என்பான். அவனுடைய கிளிப்பில் ஒரு திருகு மரை தேய்ந்து கிடந்தது. ஊத ஊத ரீடு ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கினால் கீச்.

முதலில் மனைவியின் தம்பியிடம் போனான். அவன் பிளம்பர்.

"இவ்வளவுதானா மாமா? டியூப்புக்குப் போடற கிளாம்ப் ஒண்ணு மாட்டி விட்டா, ஜென்மத்துக்கும் அசையாது."

"சத்தம் நல்லா வருமா மாப்ளே?"

"தண்ணியே கசியாதுங்கறேன், சத்தம் எங்க போயிடும்?"

ஸ்க்ரூடிரைவரை வைத்து நரம்பு புடைக்க முறுக்கினான். ரீடு அசையவில்லைதான். ஆனால் கொக்கி ஊதியபோது, முன்பு பாட்டுக்கு ஒரு கீச் வந்த இடத்தில் இப்போது கீச்சுக்கு நடுவே கொஞ்சம் பாட்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். பிறகு கதவைத் தட்டினார்.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா என் வண்டி இருக்கு."

கழற்றிப் பார்த்தால் ரீடு நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது.

அடுத்தது வாத்தியக் கடை. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து லிகேச்சர்களை ஒவ்வொன்றாக எடுத்து, மோதிரம் காட்டுவது போல வெல்வெட் துணியில் அடுக்கினார்.

"மெட்டல் வேணுமா, லெதர் வேணுமா?"

"கீச்சு வராதது வேணும்."

"அதை விடுங்க, டோனைப் பத்திப் பேசுங்க. மெட்டல்னா சத்தம் வெளிச்சமா இருக்கும். லெதர்னா இருட்டா இருக்கும்."

"சத்தத்துல ஏதுங்க இருட்டும் வெளிச்சமும்?"

"கண்ணை மூடிக் கேட்டா தெரியும்."

"கண்ணை மூடினா எல்லாமே இருட்டுதானே?"

கடைக்காரர் வாத்தியத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். புது ரீடு ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு லிகேச்சராக மாட்டி ஊதிப் பார்க்கச் சொன்னார். அந்த முடிவுக்காக அவர் வருந்தியது முகத்திலேயே தெரிந்தது. கிட்டார் பார்க்க வந்த ஒரு தம்பதி அவசர வேலை ஞாபகம் வந்து வெளியேறினார்கள். கொக்கி அடுத்ததை எடுக்கக் கையை நீட்டியதும் கடைக்காரர் லெதரைப் பையில் போட்டுவிட்டார்.

"உங்களுக்கு இதுதாங்க. விலையில குறைச்சுக்கறேன். கிளம்புங்க."

குறைத்த விலையே, இடுப்புக்குப் பெல்ட் வாங்க மனைவி எடுத்து வைத்திருந்த பணத்தை முழுசாகத் தின்றுவிட்டது.

"இடுப்புக்கு பெல்ட் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, ஊதுகுழலுக்கு பெல்ட் வாங்கிட்டு வந்து நிக்கறீங்களே!" என்றாள் அவள். அடுப்படியில் வாணலிச் சத்தம் கூடியது.

"இது சரியா இருந்தா அந்த பெல்ட்டே தேவைப்படாதுடி."

"எங்க, ஊதுங்க பார்ப்போம்."

ஊதினான். தோல் எச்சில் பட்டு இளகியது. பாட்டின் உச்சத்தில் ரீடு வழுக்கிக் கிளம்பி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தில் போய் விழுந்தது.

அவள் கரண்டியால் அதை வெளியே எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"வெந்துடுச்சான்னு பாருங்க."

"நாளைக்கு மேனேஜர் வந்து நிப்பாருடி. நான் லாரிக்குப் போனா திரும்பி வர்றது கட்டில்லதான்."

அவன் குரல் உடைந்ததும் அவளுக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியோடு சொன்னாள்.

"காலம் பூரா மூட்டைக்கு வாய் கட்டின ஆளுதானே? அதே மாதிரி இதையும் ஒரு நூலால கட்டித் தொலைக்க வேண்டியதுதானே!"

திட்டத்தான் சொன்னாள். கொக்கி எழுந்து போய்ச் சாக்குத் தைக்கிற நூலை எடுத்து வந்தான்.

ரீடைத் துடைத்து வைத்தான். நூலை ஒரு சுற்றுக்கு மேல் இன்னொன்று ஏறாமல், வரிசையாகச் சுற்றிக்கொண்டே வந்து, மூட்டைக்குப் போடும் முடிச்சைப் போட்டு நுனியை உள்ளே இழுத்தான். வாயில் வைத்தான். சத்தம் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி உருண்டு வந்தது. திரும்பத் திரும்ப ஊதினான். ஒரு கீச் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் வந்து, உடம்பு தேறிவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பழைய கிளிப்பை ஜன்னல் வழியாகச் சாக்கடையைப் பார்த்து வீசினான்.

சனிக்கிழமை. ஷட்டர்கள் திறந்திருந்தன. லாரிகள் நின்றன. மேனேஜர் கீழே இறங்கி வந்து, கொக்கிக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். மாஸ்டர் கையைத் தூக்கித் தாளம் காட்டினார்.

கொக்கி ஊதினான். வழக்கமாகச் சறுக்கும் இடம் வந்தது, வழவழவென்று தாண்டிப் போனது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் சிரிக்க மறந்து ஒழுங்காகத் தாளம் போட்டான். லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வியர்வையோடு நின்று கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார்.

மேனேஜர் கூரையைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"நடுவுல ஒரு சத்தம் வருமே..."

"அதெல்லாம் இனிமே வராது சார். கிளிப்பையே தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க போட்ட?"

"சாக்கடையில சார். இனிமே எப்பவுமே இப்படித்தான். கீச்சுங்கற பேச்சுக்கே இடமில்ல!"

தலையில் மூட்டை விழுந்தவரைப் போல மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு படியேறிப் போனார். மேலேயிருந்து மைக்கில் அவர் குரல் வந்தது.

"பேண்டுக்காரங்க எல்லாரும் லாரிக்குப் போங்க. இனிமே பேண்டு கிடையாது."

கொக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்? நல்லாத்தானே வாசிச்சேன்? ஒரு பிசிறு இல்லையே!"

மாஸ்டர் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவர் தோளில் சொத்தென்று வெள்ளையாக ஏதோ விழுந்தது.

கூட்டுகிற அக்கா வாளியும் துடைப்பமுமாக வந்து, கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"நீ நல்லா வாசிச்சதுதான் தம்பி கெடுத்துச்சு, உன் கீச்சுக்குப் பயந்து தானியத்துப் பக்கமே வராத புறாவெல்லாம் இப்ப குடும்பத்தோட வந்து உக்காந்து பாட்டுக் கேக்குது, அதுங்களை விரட்டத்தானே அந்த மனுஷன் பேண்டே வெச்சாரு!"