வாபஸ் வாங்கிய "ஆமாம்"

சேசு மரி சூசை துணை

ஜீவனஹள்ளி,
9-6-1938

அன்பும் மரியாதையும் உள்ள சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் பிரிஜெட் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நாங்கள் சுகம். நீங்கள், சித்தி, டோரதி எல்லாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் அல்சூர் வீட்டுக்கு நடந்தே வரக்கூடிய தூரத்திலிருந்து தபால் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். போன மாதம் மூன்று தடவை நேரில் வந்தேன். மூன்று தடவையும் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உங்கள் முன்னால் எனக்குப் பேச்சு வருவதில்லை. பேனாவுக்கு அந்தப் பயம் இல்லை.

விஷயம் டோரதியின் பாடம். ஐந்தாம் பாரம் வகுப்பில் சரித்திரத்தை விருப்பப் பாடமாக எடுக்கிறேன் என்று அவள் சொன்னதும் நீங்கள், "செத்தவன் சமாச்சாரம் உனக்கெதுக்குடி? தையல் எடு, ஜாக்கெட்டாவது மிஞ்சும்" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னம்மா பி.ஏ., நான் சொல்றது சரிதானே?" என்றீர்கள். நான் "ஆமாம் சித்தப்பா" என்றேன். சரித்திரத்திலேயே பட்டம் வாங்கி, டோரதியின் பள்ளியில் அதையே கற்பிக்கிறவள் சொன்ன பதில் அது. வாயில் முறுக்கு இருந்தது என்று சாக்குச் சொல்லலாம், சொல்லமாட்டேன்.

அத்தோடு விட்டீர்களா? ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில், மணிச் சத்தத்தையும் மீறி, "நம்ம குடும்பத்துல மொத பி.ஏ.! அவளே சரித்திரம் வாணாங்கறா!" என்று டோரதியோடு படிக்கும் நோராவின் அப்பாவிடம் சொன்னீர்கள். மறுநாளே நோரா தையலுக்குப் போய்விட்டாள். அவர் ஹெர்பர்ட் மாஸ்டரிடம் சொல்ல, அவர் மகளும் போனாள். ஆறு பேர் இல்லாவிட்டால் சரித்திர வகுப்பே கிடையாது என்கிறார் தலைமை ஆசிரியை. டோரதியையும் இந்த இருவரையும் கழித்தால் இப்போது மூன்றே பேர். வருகிற திங்களோடு பட்டியல் முடிகிறது. அப்புறம் நானும் தையல்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

ஒன்று கேட்கிறேன். கோயில் திருநாளில் முதல் கொடி கொடுத்தது உங்கள் தாத்தாவா, ஓஸ்வால்ட் மாமாவின் தாத்தாவா என்று எட்டு வருஷமாகப் பங்குச் சாமியாருக்கு மனுமேல் மனு எழுதுவது யார்? அந்த மனுவை டோரதியிடம் நகலெடுக்கக் கொடுத்தீர்கள். நீங்கள் அதற்குச் சாட்சியாக வைத்த பழைய நோட்டை அவள் பார்த்துவிட்டு, "அப்பா, இத எழுதினது யாரு? கொடி ஏத்தினப்பவே எழுதினதா, அப்புறமா சேத்ததா?" என்றாள். நீங்கள் நோட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். சித்தி சமையலறையிலிருந்து, "நல்லாக் கேட்டா!" என்றார்கள். சித்தப்பா, அந்தக் கேள்விதான் சரித்திரம். வகுப்பில் ஒரு பெண்ணை அப்படிக் கேட்கவைக்க எனக்கு அரை வருஷம் ஆகிறது.

ஆகையால் என் "ஆமாம்" என்ற சொல்லை இதன்மூலம் வாபஸ் வாங்குகிறேன். டோரதி சரித்திரம் படிக்க வேண்டும். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், எல்லார் முன்னாலும் நின்று, நானே இதை உரக்கச் சொல்வேன்.

சித்திக்கு என் தோத்திரம். கொடி விவகாரத்தில் நீங்களே ஜெயிக்க ஜெபிக்கிறேன், நோட்டு உண்மையாயிருக்கும் பட்சத்தில்.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
பிரிஜெட்

பி.கு.: கடைசியில் எழுதியதை இப்போது கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என் எண்ணம் மாறாது. ஆனால் சத்தம் உங்களிடம்தான் இருக்கிறது. ஆகவே, கேட்கக் கூச்சப்பட்டு இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதைக் கேட்கிறேன்: இத்துடன் வைத்துள்ள பள்ளிக் காகிதத்தில் டோரதிக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும், நான் பக்கத்தில் நிற்க, நோராவின் அப்பாவிடமும் ஹெர்பர்ட் மாஸ்டரிடமும் "பிரிஜெட் சரித்திரம் வேணுங்கறா" என்று நீங்களே அதே குரலில் சொல்லிவிடுவீர்களா?