பதினொரு பேரும் குளித்துக்கொண்டிருந்த காலை

எனக்கு ஒரு வியாதி இருந்தது. எதையாவது புதிதாகத் தெரிந்துகொண்டால் அன்றைக்கே அதை நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சோறு இறங்காது. (இப்போது சுகம். என் மனைவி இதை ஒப்புக்கொள்ளமாட்டாள்.) இருபத்தாறு வயதில் இந்த வியாதி முற்றிக் கிடந்தபோதுதான் என் தங்கை டிலானியின் கல்யாணமும் வந்தது. கூடப்பிறந்தவளை மீன் லொறியில் ஏற்றிக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போன அண்ணன், மன்னார்த் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்குக் காரணம், நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே தென்னமெரிக்கக் காட்டில் செத்துப்போன ஒரு புரட்சிக்காரர்.

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் திரும்பவும் சண்டை வரும். தாடி, தொப்பி, தொப்பியில் ஒரு நட்சத்திரம், எங்கேயோ தூரத்தைப் பார்க்கிற கண். இலங்கையில் ஓட்டோவுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்த எவருக்கும் அந்த முகம் பழக்கம். எங்கள் தரிப்பிடத்தில் பதினொரு ஓட்டோ. பதினொன்றின் முதுகிலும் அவர்தான்.

கடல் தொழில் செய்த எங்கள் அப்பா இந்தியாவில், அகதி முகாமிலேயே இறந்துவிட்டார். அம்மா, டிலானி, நான் மூன்று பேரும் எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பி வந்தோம். முகாமில் இருந்து பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை, அங்கே பேச்சுப் போட்டிகளில் நான் வாங்கிக் குவித்த எவர்சில்வர் டம்ளர்களைத் தவிர. அந்த டம்ளர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். உள்ளூரில் ஒரு கந்தோரில் கடிதம் தட்டச்சுச் செய்கிற வேலை பார்த்தாலும், ஒலிவாங்கி ஒன்று கிடைத்தால் நாட்டையே திருத்திவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

மாப்பிள்ளை றெஜி, கடற்பாலம் தாண்டி நானாட்டானில் வயல் செய்கிறவர். எங்கள் கோயிலில் கூரை மாற்றிக்கொண்டிருந்ததால் கல்யாணப் பூசையை அவர்களுடைய கோயிலில் வைத்தோம். காலை ஒன்பது மணி. அன்றைக்கே அந்த ஃபாதருக்கு இன்னோர் ஊரில் திருநாள் கொடியேற்றம். "ஒன்பதெண்டால் ஒன்பது. பொம்பிளை வந்து சேராட்டி நான் வெளிக்கிட்டிடுவன். கொடி எனக்காக நிக்காது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அப்பா இல்லாததால் டிலானியைக் கைபிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப்போக வேண்டியவன் நான். அம்மாவுக்கு மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். "கொப்பர் நடக்கவேண்டிய இடத்திலை நீ நடக்கப்போறாய். வடிவா நட" என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் அவர் கண் கலங்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

எங்கள் ஒழுங்கை முழுக்க மணல். பஸ் உள்ளே வந்தால் புதைந்துவிடும். ஆகவே தரிப்பிடத்தின் பதினொரு ஓட்டோவையும் பேசி வைத்தேன். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. தலைவர் சூசை அண்ணை ஒரு ஹயருக்கு, அதாவது வாடகைச் சவாரிக்கு, ஓம் என்றால் எல்லாரும் வருவார்கள். இல்லை என்றால் ஒருத்தரும் அசையமாட்டார்கள். சூசை அண்ணை ஓம் என்றார். பொம்பிளை தன்னுடைய ஓட்டோவில்தான் போகவேண்டும், அதற்குப் புதுச் சீற் உறை போடப்போகிறேன் என்றும் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு தரிப்பிடத்துக்குப் புதுத் தகரக் கொட்டகை திறந்தார்கள். பின்சுவரில் அந்த முகத்தைப் பெரிதாக வரைந்து மாலையும் போட்டிருந்தார்கள். "தம்பி யூட், நீ படிச்ச பொடியன். எங்கடை தலைவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லு" என்று சூசை அண்ணை ஒலிவாங்கியை என் கையில் தந்தார்.

முதல் நாள்தான் அந்தத் தலைவரைப் பற்றி நாற்பது நிமிஷக் காணொளி ஒன்றைத் தொலைபேசியில் பார்த்திருந்தேன். நாற்பதில் பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் டேட்டா முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்திலேயே என் வியாதிக்கு வேண்டியதெல்லாம் இருந்தது.

"பெரியோர்களே! தாய்மார்களே!" என்று தொடங்கினேன். (தாய்மார் ஒருவரும் இல்லை. வடை கொண்டுவந்த அக்காவும் போய்விட்டார்.) "யார் இந்த வீரர்? எந்த மக்களுக்காகப் போராடினாரோ அந்த விவசாயிகளே அவரோடு சேரவில்லை! மந்திரியாக இருந்து பார்த்தார், மந்திரி வேலையும் சரிவரவில்லை! காட்டுக்குள் வழி தெரியாமல் சுற்றினார்! அவருடைய கட்டளையில் சுடப்பட்டவர்களுக்கும் பிள்ளை குட்டி இருந்தது! ஒரு படம் அழகாக வந்துவிட்டது, அதனால் அவர் வீரர். நாமும் யோசிக்காமல் முதுகில் சுமக்கிறோம்!"

ஒருத்தரும் கைதட்டவில்லை. முகாமிலே இந்த இடத்தில் விசில் பறக்கும். இவர்களுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் எளிமையாக ஒன்றைச் சொன்னேன்.

"எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் குளிக்கவே மாட்டாராம்!"

சூசை அண்ணை மெதுவாக எழுந்து வந்து ஒலிவாங்கியை வாங்கினார். "சரி, எல்லாரும் சோடா குடியுங்கோ" என்றார். எனக்கு மட்டும் சோடா வரவில்லை. கருத்துப் புரட்சி செய்கிறவனுக்குத் தாகம் ஒரு பொருட்டா என்று நடந்தே வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு விஷயம் எனக்கு முன்பே வந்திருந்தது. "கலியாண வீட்டை வைச்சுக்கொண்டு ஓட்டோக்காரரிட்டைப் போய் ஆராவது வாய் காட்டுவினமோ?" என்றார். "அம்மா, அது கருத்து வேற. ஹயர் வேற" என்று நான் விளக்கம் சொன்னேன்.

கல்யாணத்தன்று ஏழு மணிக்கு வரவேண்டிய ஓட்டோ ஏழரைக்கும் வரவில்லை. சூசை அண்ணைக்கு அழைத்தேன். அவருடைய மனைவி எடுத்தார்.

"அவர் குளிச்சுக்கொண்டிருக்கிறார், தம்பி."

பரவாயில்லை என்று அடுத்தவருக்கு எடுத்தேன். அவரே பேசினார். "குளிக்கிறன் தம்பி." பின்னால் வாளியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வேறு. மூன்றாமவரும் குளித்துக்கொண்டிருந்தார். நாலாமவர் இப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்திருப்பதாகவும், ஊறவேண்டும் என்றும் சொன்னார். ஏழாவது ஆளிடம் நான் கிட்டத்தட்ட அழுதேன். "அவசரமாக் குளிச்சால் நாளைக்கு ஆரும் மேடையிலை சொல்லிப்போடுவினம், அதுதான் ஆறுதலாக் குளிக்கிறம்" என்றார் அவர்.

வியர்வையில் என் புதுச் சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரும்பினால் வாசலில் டிலானி, வெள்ளைச் சேலையும் முக்காடுமாக நிற்கிறாள்.

"அண்ணா, ஓட்டோ?"

"குளிக்குது" என்றேன். வேறென்ன சொல்ல?

மெயின் றோட்டுக்கு ஓடினேன். தலைமன்னார்ப் பக்கமிருந்து மீன் வியாபாரி றவூப் நானாவின் திறந்த லொறி மீன் பெட்டிகளோடு வந்துகொண்டிருந்தது. நடு றோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் நானா ஒரு கேள்விதான் கேட்டார். "மணப்பொண்ணு முன்னுக்கு இருப்பா. மத்தவங்க மீனோட இருப்பீங்களா?" நாங்கள் மீனோடு இருக்கச் சம்மதித்தோம். டிலானியும் அம்மாவும் முன் சீற்றில் ஏறினார்கள். சொந்தக்காரரில் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நடந்தார்கள், மிச்சப் பாதி என்னோடு பெட்டிகளுக்கு நடுவே ஏறி நின்றது. ஒரு சித்தி மட்டும் வழி முழுக்கச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மணிக்கும் என்னை ஒரு தடவை பார்த்தார்.

மன்னார் ரவுணில், வழக்கம்போல நாலு கழுதைகள் றோட்டை மறித்துக்கொண்டு நின்றன. நானா பிறேக் போட்டார். மேலே இருந்த பெட்டி சரிந்தது. சொந்தக்காரரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் அதைக் கட்டிப்பிடித்தேன். சொந்தக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. உருகின ஐஸும் மீன் தண்ணீரும் முழுவதுமாக என் தலையில் இறங்கின. சேர்ட் பைக்குள் ஒரு சின்னச் சூடை மீன்கூட இருந்தது.

பெரிய பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல், பயங்கரக் காற்று. இந்தக் காற்றில் காய்ந்துவிடும் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் ஹோன் சத்தம் கேட்டது. ஓட்டோக்கள்! பதினொன்றும்! வரிசையாக வந்து லொறியை முந்திக்கொண்டு போனார்கள். எல்லாரும் வெள்ளைச் சேர்ட், படிய வாரின தலை. முந்திப்போன ஒவ்வொரு ஓட்டோவின் முதுகிலிருந்தும் அந்தத் தாடி முகம் லொறியைப் பார்த்தது. பதினொரு தடவை. தூரத்தைப் பார்க்கிற கண் என்று மேலே எழுதினேன். அன்றைக்கு அது பக்கத்தில் என்னைத்தான் பார்த்தது.

சூசை அண்ணை முன்னால் போய் மறித்து நிறுத்தினார். "அரை மணித்தியாலம் உன்னைக் கலங்கடிக்கத்தான் நினைச்சனாங்கள். நாங்கள் வந்து பார்த்தால் வீடு பூட்டிக்கிடக்கு. பொம்பிளைப் பிள்ளையை ஆராவது மீன் லொறியிலை ஏத்துவினமோ, மடையா?" என்று என்னைத் திட்டிவிட்டு, டிலானியைத் தன்னுடைய ஓட்டோவில் ஏற்றினார். புதுச் சீற் உறை, மல்லிகைச் சரம் எல்லாம் இருந்தது. எல்லாரும் இறங்கி ஏறிக்கொண்டார்கள். நானும் கடைசி ஓட்டோவில் காலை வைத்தேன்.

"தம்பி, நீ வேண்டாம்" என்றார் அந்த ஓட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு. "இப்பத்தான் கழுவினது."

ஆகவே மணமகளின் அண்ணன், அப்பாவின் இடத்தில் நடக்கவேண்டியவன், தனியாக மீனோடு நானாட்டானுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் லொறி இன்னும் இரண்டு கழுதைக்கு நின்றது. கோயிலுக்குப் போகும்போது ஒன்பது பத்து. முடிந்தது, ஃபாதர் வெளிக்கிட்டிருப்பார், அல்லது டிலானி வேறு யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் அம்மாவின் முகத்தில் விழிக்கமுடியாது. எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

இரண்டும் நடக்கவில்லை. "அண்ணா வராமல் நான் உள்ளுக்கு வரமாட்டன்" என்று டிலானி வாசலிலேயே நின்றுவிட்டாளாம். ஃபாதர் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார். அப்போது சூசை அண்ணை முன்னால் போய், "ஃபாதர், ஓட்டோவெல்லாத்தையும் ஒருக்கா மந்திரிச்சு விடுங்கோ. கன நாளாக் கேக்க நினைச்சனான்" என்றிருக்கிறார். வாகனத்தை மந்திரிக்கக் கேட்டால் எந்த ஃபாதரும் மறுக்கமாட்டார்.

நான் லொறியிலிருந்து குதித்தபோது ஃபாதர் ஒன்பதாவது ஓட்டோவுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு தெளிப்பு, பக்கத்தில் ஒரு தெளிப்பு, பின்னால் அந்தத் தாடி முகத்திலும் ஒரு தெளிப்பு. சூசை அண்ணை என் பக்கம் திரும்பி, பதினொரு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"பார் தம்பி, தலைவர் குளிச்சிட்டார். இப்ப நீதான் மிச்சம்."

டிலானி என் கையைப் பிடித்தாள். நான் விலகப் பார்த்தேன். "சேலை நாறப்போகுது" என்றேன். "நாறட்டும். அப்பா கடலாலை வந்தாலும் இப்பிடித்தானே மணப்பார்" என்றாள். அதற்குப் பிறகு நான் வடிவாகத்தான் நடந்தேன். அம்மா முதல் வாங்கில் உட்கார்ந்து அழுதார். எனக்காகவா, அப்பாவுக்காகவா, வாடைக்காகவா என்று இன்றுவரை கேட்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்துக் கதிரை காலியாகத்தான் கிடந்தது. சூசை அண்ணை வந்து அதில் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ சொன்னது சரியாவும் இருக்கும்" என்றார். "எனக்கு அந்தாள் எந்த நாடெண்டும் வடிவாத் தெரியாது. பிரச்சினைக் காலத்திலை ஒவ்வொரு சென்ரியிலையும் ஆமிக்காரன் மறிப்பான். வண்டியிலை என்ன படம் இருந்தாலும் 'மே கவ்த', ஆரிது, எண்டு கேப்பான். மாதாவின்ரை படத்துக்கும் கேட்டிருக்கிறான். இந்த மூஞ்சைக்கு மட்டும் கேக்கமாட்டான். அவன்ரை ஊர் ஓட்டோவிலையும் இதே மூஞ்சைதானே. சிரிச்சுப்போட்டு விட்டிடுவான். எத்தினையோ நாள் என்னைப் பத்திரமா வீட்டை கொண்டுவந்து சேர்த்தது இந்தப் படம். அவர் அங்கை வீரனோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என்ரை ஓட்டோவிலை இருக்கட்டும்."

எவர்சில்வர் டம்ளர் அத்தனையும் அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. அவர் எழுந்து போகும்போது, "ஆனால் குளிக்கேல்லை எண்டு நீ சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

பிறகொரு நாள் அந்தக் காணொளியை முழுவதும் பார்த்தேன். எனக்கு டேட்டா முடிந்த அதே இடத்தில், "இவை அவர்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டுகள், இனி ஒவ்வொன்றாக ஆராய்வோம்" என்று அதில் பேசுகிறவர் சொல்கிறார். மிச்ச இருபத்தெட்டு நிமிஷத்தில் சிலதை மறுத்தார், சிலதை ஒத்துக்கொண்டார், சிலதை இரண்டு பக்கமும் பேசினார். குளிக்காத விஷயம் மட்டும் முழு உண்மையாம்.

நாலு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பேசிவைக்காமலே பதினொரு ஓட்டோவும் ஆறரைக்கே வந்து நின்றன. தரிப்பிடத்தின் சார்பில் ஆளுக்கொரு பரிசுப் பொதி தந்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் பதினொன்றிலும் குளிக்கிற சவர்க்காரம். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அந்தத் தாடி முக ஸ்டிக்கர். இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் சவர்க்காரம் வாங்கவில்லை. ஸ்டிக்கர் ஒன்றைக் குளியலறைக் கதவில் நானே ஒட்டினேன், இன்னும் இருக்கிறது. மச்சான் றெஜி எந்த நல்ல காரியத்துக்கு என்னைக் கூப்பிட்டாலும் முதலில் நேரம் சொல்வதில்லை, "குளிச்சாச்சோ?" என்றுதான் கேட்பார். நானும் வாயைத் திறந்து ஒரு கருத்துச் சொல்லப்போனால் என் மனைவி எழுந்து போய்க் குளியல் துவாயை எடுத்து வந்து என் தோளில் போடுவாள்.