துருக்கி மொழியில் எனக்கிருந்த ஒரே வீடு

கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். "துருக்கிப் பாஷையா மாமா? எனக்கு அது தண்ணி பட்ட பாடு!"

உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர்ச்சொல். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்தபோது ஒரு கப்பல் சமையற்காரர் சொல்லித்தந்தது. எவ் என்றால் வீடு. எவிம், என் வீடு. எவின், உன் வீடு. எவிமிஸ், நம் வீடு. நாம் முன்னால் சொல்லும் ‘என்’னை அவர்கள் வாலில் கட்டுகிறார்கள். அதற்கும் பின்னால், நம்மைப் போலவே, வேற்றுமை உருபு: எவிம்தே, என் வீட்டில்; எவிம்தென், என் வீட்டிலிருந்து. (வினைச்சொல்லை மறுவாரம் சொல்லித்தருவதாக இருந்தார். கப்பல் முந்திக்கொண்டது.)

மாமாவுக்குப் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை. அவர் மகள் ஸுஹராவைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத் துரைமார் பங்களாக்களுக்குக் கம்பளம் விற்க வந்த துருக்கியர் ஒருவரை மாமா விருந்துக்கு அழைத்தார். பேச்சை மாற்றிச் சொல்ல என்னையும் அழைத்தார். சமாளித்தால் ஸுஹரா, சறுக்கினால் ஊர்ச்சிரிப்பு.

எல்லாரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். கொஞ்சம் சாப்பிட்டதும் விருந்தாளி நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னார்.

"என்னவாம் மகன்?"

"நெஞ்சார ருசிக்குதாம் மாமா. இன்னும் வைக்கச் சொல்றாரு."

மாமா அள்ளி வைத்தார். விருந்தாளி மறுபடி நெஞ்சில் கைவைத்தார். நானும் மறுபடி மொழிபெயர்த்தேன். கடைசியில் மனுஷருக்கு மூச்சு வாங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து ஸுஹராவின் குரல் வந்தது.

"போதும் வாப்பா! வயிறு நெறஞ்சிதான் அவரு நெஞ்சுல கை வைக்கிறாரு. பார்த்தா தெரியலயா?"

மாமா என் பக்கம் திரும்பினார். "உண்மையச் சொல்லு மகன். உனக்குத் துருக்கி தெரியுமா?"

வேறு வழியில்லாமல் விருந்தாளியைப் பார்த்து என் மொத்தச் சொத்தையும் அவிழ்த்துவிட்டேன். "எவிம், எவின், எவிமிஸ், எவிம்தே, எவிம்தென்..."

முதலில் சிரித்தார். ‘எவிம்தென்’ வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வீட்டைவிட்டு வந்து எத்தனை வருஷமோ, பாவம். நானும் அழுதேன். (எனக்குக் கல்யாணம் போன துக்கம்.)

அவர் போனபின் மாமா கேட்டார். "என்ன சொல்லி அந்த மனுஷன அழவெச்சே?"

"வீடுன்னு சொன்னேன் மாமா. அது ஒண்ணுதான் தெரியும்."

திரைக்குப் பின்னால் ஸுஹராவின் சிரிப்பு. "குடும்பம் நடத்த அது ஒண்ணு போதும் வாப்பா."

எங்கள் வழக்கப்படி பெண்வீட்டுக்கே குடிபோனேன். இன்றும் எங்கள் பேரப்பிள்ளைகள் சோறு போதுமென்றால் நெஞ்சில் கைவைத்து என்னைப் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வந்து, "இது என் வீடு!" என்று கத்தினால், ஸுஹரா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்:

"எவிமிஸ்."