சட்டையில் ரம் வாசனை

நெரெய்தா முட்டைக்கோஸ் சாலட்டில் வினிகரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் எலிஹியோ வாயைத் திறக்க முடியாமல் நின்றான். அது வினிகர் இல்லை. முதல் நாள்தான் அந்தப் புட்டியைக் கழுவி, அதில் நல்ல வெள்ளை ரம்மாக நிரப்பி வைத்திருந்தான்.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தால் வந்த வினை. வீட்டில் பெரியவர்கள் குடிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகள்தான் சீக்கிரம் கிளாஸைத் தொடுகிறார்கள் என்று தலைமையாசிரியை ஹசிந்தா அம்மையார் சொன்னார். மற்ற அப்பாக்கள் கூரையைப் பார்த்தார்கள். எலிஹியோ மட்டும் எழுந்து, தன் மகன் யாதியேல் இனி வீட்டில் ஒரு சொட்டு ரம்மைக்கூடப் பார்க்க மாட்டான் என்று வாக்குக் கொடுத்தான். கைதட்டல் பிரமாதமாகக் கிடைத்தது.

மோகா நகரத்துச் சந்தை நெரிசலில் திரும்பிப் பார்க்காமலே மினிபஸ்ஸைப் பின்னால் எடுப்பவன் அவன். தன்மேல் அபார நம்பிக்கை. மகன் பார்க்க மாட்டான் என்றுதானே சொன்னான்? குடிக்க மாட்டேன் என்று யார் சொன்னது?

இப்போது சாலட்டைக் காப்பாற்ற வழியில்லை. கை தவறியதுபோல் பாத்திரத்தைத் தட்டிவிட்டான்.

"பஸ்ஸயும் இப்படித்தான் ஓட்றியா?" என்றாள் நெரெய்தா, தரையைத் துடைத்தபடி.

மிச்ச ரம் மினிபஸ்ஸில் இருந்த ரேடியேட்டர் தண்ணீர் கேனுக்கு இடம் மாறியது. மறுநாள் எஞ்சின் சூடானபோது, நடத்துநர் அதைக் கேட்காமல் எடுத்து உள்ளே ஊற்றிவிட்டார். அன்று பஸ் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது. இறங்க வேண்டிய இடம் தாண்டியும் இரண்டு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

எலிஹியோ மனம் தளரவில்லை. புது ரம் வாங்கி, இஸ்திரி மேஜையில் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற புட்டியில் ஊற்றினான். நெரெய்தா இஸ்திரி போடுவது சனிக்கிழமை மட்டும். அதற்குள் அவன் காலி செய்துவிடுவான்.

வியாழக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது.

தலைமையாசிரியை அறையில் யாதியேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவனிடமிருந்து ரம் வாசனை தூக்கியடித்தது. கேட்டதற்கு ஒரு வார்த்தை பேசவில்லையாம். அன்றே பள்ளியிலிருந்து நீக்கிவிடப் போவதாகச் சொன்னார் ஹசிந்தா அம்மையார்.

எலிஹியோ மகனைப் பார்த்தான். சட்டை அன்று காலையில் அவனே இஸ்திரி போட்டது. மடிப்புக் கலையாமல் விறைப்பாக நின்றது. சட்டென்று எல்லாம் புரிந்தது. பாவம் பிள்ளை, தண்ணீர் என்று நினைத்துத் தெளித்துக்கொண்டிருக்கிறான்.

கைதட்டல் வாங்கிய அதே பள்ளிக்கூடம். பேசாமல் இருந்தால் மானம் தப்பும், மகன் படிப்பு போகும். எலிஹியோ தொண்டையைக் கனைத்தான்.

"அவன் குடிக்கலம்மா. குடிக்கிறது நான். சட்டைல அடிக்கிறது என்னோட ரம்மு."

வினிகர், ரேடியேட்டர், இஸ்திரிப் புட்டி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தான். யாதியேல் மெல்லத் தலையைத் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு அப்பாவையே பார்த்தான். அம்மையார் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார். ரேடியேட்டர் கட்டம் வந்ததும் அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"நீங்க எல்லார் முன்னாடியும் உக்காந்து குடிச்சிருந்தாக்கூட இவ்வளவு நாறியிருக்காது," என்றவர், பையனை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டார்.

இனி நிஜமாகவே தொடமாட்டேன் என்று எலிஹியோ சத்தியம் செய்தான். வராந்தாவில் யாதியேல் அவனை இறுகக் கட்டிக்கொண்டான்.

"உன்ன மாதிரி ஒரு அப்பா யாருக்குப்பா கிடைப்பாங்க?"

எலிஹியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் எதையும் மோந்து பார்த்துவிட்டுத் தெளிக்கும்படி அறிவுரை சொன்னான். மகன் பவ்யமாகத் தலையாட்டினான்.

அன்று சாயங்காலம் சத்தியத்தை நிறைவேற்றக் குடும்பத்தையே அடுப்படிக்குக் கூப்பிட்டான். நெரெய்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யாதியேல் ஏனோ வாசல் பக்கமாகவே நின்றான். எலிஹியோ இஸ்திரிப் புட்டியைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை தொட்டியில் கவிழ்த்தான்.

வறுத்த வாழைக்காயைத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்த சின்ன மகள் லுஸ் சொன்னாள்:

"அது வெறும் தண்ணிதான்பா. நாத்தமடிச்சுதுன்னு நேத்தே நான் கொட்டிட்டுக் குழாத்தண்ணி பிடிச்சு வெச்சுட்டேன்."