சேமியா போட்ட தோல்

கிண்ணத்தைக் கவிழ்த்ததும், காய்ச்சி உறையவிட்ட கடல்பாசி ஒரு நொடி நின்றது. பிறகு பையச் சரிந்து தட்டில் படுத்துக்கொண்டது.

"போச்சு மாமி" என்றாள் ஷமீம்.

மகளிர் கல்லூரியில் அவள் தற்காலிக விலங்கியல் ஆசிரியை. நாளைக்கு மதுரையிலிருந்து வரும் பேராசிரியர் அம்மையப்பன் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடுதான். தலைப்பு, தோல் வளர்வதில் செல்லின் எலும்புக்கூடு செய்யும் வேலை. செல்லுக்குள் ஏது எலும்பு என்று சண்டைக்கு வராதீர்கள், அது வெறும் புரத நார்தான். எல்லாரையும் போலக் கரும்பலகையில் படம் போட்டிருக்கலாம். விதி யாரை விட்டது? கிண்ணத்துக்கு ஒரு செல்லாகக் கடல்பாசியை வார்த்து அடுக்கி, தோலையே செய்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

மாமியார் மஹ்மூதா பீவியோ, வேண்டாம் என்று சொல்லியும் பாலும் சீனியும் ஊற்றித்தான் கடல்பாசி காய்ச்சினார்.

"சீனி இல்லாம காய்ச்சினா பரக்கத் இருக்காதுட்டி, செஞ்ச காரியம் வெளங்காது."

செல் நிற்க நார் வேண்டுமே என்று ஷமீம் உள்ளே சேமியாவைப் போட்டாள். அது ஊறிக் குழைந்தது. மாமியார் சேமியாவை நெய்யில் வறுத்துக் கொடுத்தார். செல் நிமிர்ந்து நின்றது, ஆனால் தெருமுனை வரைக்கும் நெய் மணத்தது. அதை அமுக்க ஏலக்காய் தூவியதில் மணம் இரண்டு மடங்கானது. உட்கருவுக்கு முந்திரிப்பருப்பு வைத்தார்கள். இனி என்ன பாக்கி?

மறுநாள் பேராசிரியர் நெற்றி நிறைய திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார். ஷமீம் தட்டின் மூடியைத் திறந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று தட்டை அவர் மூக்குக்குக் கீழேயே கொண்டுபோனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

விடுவாளா? அடியில் பிறக்கும் செல் உயரமாக இருக்கும், மேலே ஏற ஏற நார் பெருகித் தட்டையாகும், உச்சியில் செத்த பிறகும் அந்த நார்தான் நமக்குக் கவசம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அடிச்செல்லில் நார் பழுதானால் லேசாக உரசினாலே தோல் கொப்புளிக்கும் என்றும் சொன்னாள். நம்பட்டும் என்று ஒரு செல்லைக் கத்தியால் இரண்டாக அறுத்தாள். பொன்னிறச் சேமியா பளபளத்தது, முந்திரி எட்டிப் பார்த்தது.

பேராசிரியரின் தொண்டை ஏறி இறங்கியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதும்மா. அதை மூடி வையுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆய்வகத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டே ஷமீம் அழுதாள். இத்தனை பாடுபட்டு, ஒரு பெரிய மனிதருக்குக் குமட்டல் வரவைத்ததுதான் மிச்சம். வேலை போனதுகூடப் பெரிதில்லை. வீட்டில் மாமி சந்தோஷமாகக் காத்திருப்பாரே என்று நினைத்தபோதுதான் தாங்கவில்லை.

அலுவலக உதவியாளர் தளவாய் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், வேலை உங்களுக்குத்தான். ஐயா கந்த சஷ்டி விரதம்லா, வெறும் தண்ணியும் பாலுந்தான். திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் பாத்து விரதத்த முடிச்சுட்டு இந்த வழியாத்தான் திரும்புதாவளாம், அதுவரைக்கும் அந்தத் தோலை பிரிட்ஜில வச்சுப் பூட்டிரச் சொன்னாவ."