சோர்வு வியாபாரி

தெம்பு சார் திருடினார், அதனால்தான் கம்பெனி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது என்கிறீர்களே, எதைத் திருடினார்? தெம்பு பான டின்னையா? ஓசியில் கிடைத்த டின்னையே வீட்டுப் படியேற்றாத மனிதர் திருடிக்கொண்டா வருவார்? எதிர்வீட்டுக் கணக்காளர் ஓய்வு பெற்றதிலிருந்து அவர் வாய்க்கு ஓய்வில்லை. மீட்டிங்கில் குறட்டை விட்டு மாட்டிக்கொண்டார் என்கிறார் அவர். மாடிவீட்டு அம்மா இன்னொரு கதை வைத்திருக்கிறார். எல்லாம் பொய். தெம்பு சாரை யாரும் தள்ளவில்லை. அவராகத்தான் நடந்து வெளியே வந்தார். ஏன் வந்தார் என்று தெரிய வேண்டுமானால், அவர் எந்த ரகம் என்று முதலில் தெரிய வேண்டும்.

சோர்வு வியாபாரி என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்கும் பழக்கப்பட்ட ரகம்தான். நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, துவைத்த சட்டை போட்டு, இன்றைக்கு உலகத்தையே ஒரு கை பார்த்துவிடலாம் என்று தெருவில் இறங்கியிருப்பீர்கள், அவர் எதிரே வருவார், நிற்பார், தலையை லேசாகச் சாய்ப்பார், உங்கள் கண்ணுக்குக் கீழே ஏதோ ஊர்வதைப்போல உற்றுப் பார்ப்பார், பிறகு பெற்ற தாயைவிடக் கனிவாக, "என்ன, ரொம்ப டல்லா இருக்கீங்க?" என்பார். முடிந்தது கதை. அதுவரை முழங்கால் என்று ஒன்று இருப்பதே உங்களுக்கு நினைவில்லை, இப்போது வலிக்கும். தோள் இறங்கும். கொட்டாவி வரும். ராத்திரி தூங்கினோமா, சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தோமா என்று சந்தேகம் வரும்.

தெம்பு சாருக்கு இது பிறவியிலேயே வந்த வரம். வேலைக்கு ஆள் எடுத்த அன்று, கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த பெரிய மனிதரைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டுவிட்டார். அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்து, ஆமாம், ஒரு வாரமாகவே ஒரு மாதிரி இருக்கிறது என்று முனகி, தம் கம்பெனி டின்னையே ஒன்று உடைத்துக் கொண்டுவரச் சொன்னாராம். அந்த இடத்திலேயே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் கொடுக்க மாட்டார்கள்? தெம்பு பானம் விற்கிறவர்களுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? டின்னுக்குள் இருப்பது தண்ணீர், சர்க்கரை, புளிப்புக்கும் நிறத்துக்கும் ஏதோ கொஞ்சம், காப்பியில் இருக்கிற அதே விழிப்பு மருந்து ஒரு சிட்டிகை. அதைக் கலந்து அடைத்துக் கொடுப்பதுகூட வேறு யாரோ; இந்தக் கம்பெனிக்கென்று ஓர் அண்டாகூடக் கிடையாது. உள்ளே இருப்பதைவிட டின்னுக்குச் செலவு அதிகம். டின்னைவிட, அதன்மேல் பைக்கில் பறக்கிறானே ஒருவன், அவன் படத்துக்குச் செலவு அதிகம். டின் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது என்று மூலைக்கடை அக்கா கேட்டதற்குத் தெம்பு சாரே விளக்கம் சொன்னார்: பெரிதாக இருந்தால் சோடா என்று நினைத்துப் பேரம் பேசுவார்களாம், சின்னதாக இருந்தால் மருந்து என்று நினைத்துப் பேசாமல் வாங்குவார்களாம்.

அந்த அக்காவின் கடையில் ஓசியிலேயே ஒரு ஃப்ரிட்ஜை இறக்கிவைத்தார். கசக்குமா? ஆனால் அதில் வேறெதையும் வைக்கக் கூடாது, அக்கா வீட்டுப் பால் பாக்கெட்டைக்கூட. உள்ளே நுழைந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதனால் அக்காவுக்கு நிற்க இடமில்லாமல் போனாலும் அது அக்காவின் பாடு.

இத்தனையும் செய்து என்ன பயன், வருகிறவர் தெம்பாக இருந்தால்? தாகம் தானாக எடுக்கும். சோர்வை யாராவது பக்கத்தில் வந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் தெம்பு சார். ஆஸ்பத்திரி வாசலில் வேலை முடிந்து வரும் நர்ஸ், லாரி நிறுத்தத்தில் தேநீர் ஆற்றும் டிரைவர், கல்லூரி மரத்தடியில் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள், எல்லோரையும் தேடிப் போய், தலையைச் சாய்த்து, கேட்டு, கையில் ஒரு டின்னைத் திணிப்பார். முதல் டின் அன்பளிப்பு. இரண்டாவது டின்னுக்கு அவரவரே கடையைத் தேடிப் போவார்கள்.

அவர் குடித்தது வெறும் வெந்நீர். சாப்பிட்ட கையோடு படுத்தால் விடிந்தபிறகுதான் புரள்வார். ஊருக்கு விற்கிறவர் தான் மட்டும் குடிக்கவில்லையே என்று இதையும் ஒரு குற்றமாகச் சொல்கிறார் மாடிவீட்டு அம்மா. செருப்புக் கடைக்காரர் கடையிலிருக்கும் அத்தனை செருப்பையும் காலில் மாட்டிக்கொண்டா நடக்கிறார்?

அவர் செய்த தப்பு வேறு. டின்னை வாசலோடு நிறுத்தியவர் நாக்கை நிறுத்தவில்லை. தொழில் கேள்வியை வீட்டுக்குள்ளும் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி தையல்காரி, "ஆமா, உங்க சட்டைக்குப் பட்டன் வச்சு வச்சே டல்லாயிட்டேன்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பார். மகள் அப்படியில்லை. பால்பல் முளைத்த நாளிலிருந்து "என்ன கண்ணு, டல்லா இருக்கே?" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, ஏதோ குறைச்சலோடுதான் பிறந்துவிட்டோம் என்று உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டது.

பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை நெருங்கிய நேரம். ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துத் தருகிற பெண்ணின் கையில் நூல் நடனம் ஆடுவதை அம்மாதான் முதலில் கவனித்தார். ஒரு நாள் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, இந்த வயதில் இதயத்தை இப்படி விரட்டினால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அது தடுமாறும், எதைக் குடித்தாலும் முதலில் அதை நிறுத்து என்றார். எதைக் குடிக்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது, பழக்கதோஷம், தெம்பு சார் மறுபடியும் அதையே கேட்டார். பிள்ளை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தியது.

"தினம் ரெண்டு டின் குடிக்கிறேன்பா. இன்னுமா டல்லா இருக்கேன்?"

எங்கே வாங்குகிறாய் என்று கேட்டார். அக்கா கடையில்தான், நீங்கள் வைத்த ஃப்ரிட்ஜிலிருந்துதான் என்றாள். இனிமேல் தொடாதே என்று அவர் கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். விட்டால் தூங்கிவிடுவேன், தூங்கினால் பரீட்சை போய்விடும் என்று அவளும் கெஞ்சினாள்.

நேரே மூலைக்கடைக்குப் போனார். தம் மகளுக்கு மட்டும் அதை விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அக்கா கல்லாவை மூடிவிட்டு அவரை நிதானமாகப் பார்த்தார்.

"உங்க பொண்ணுக்கு மட்டும் விக்கக் கூடாதா, இல்ல இந்த வயசுப் புள்ளைங்க யாருக்குமே விக்கக் கூடாதா? தெளிவா சொல்லிட்டுப் போங்க தம்பி."

ஆயிரம் கடைக்காரர்களிடம் பேசி ஜெயித்தவர் அன்று ஃப்ரிட்ஜின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

மறுநாள் கம்பெனியில் மீட்டிங். குறட்டை விட்டதாகச் சொல்கிறார்களே, அதே மீட்டிங். அங்கே அவருக்குப் பெரிய மரியாதை காத்திருந்தது. அவருடைய கேள்வியையே புது விளம்பரம் ஆக்கியிருந்தார்கள்: பள்ளிக்கூடங்களை ஒட்டிய பஸ் நிறுத்தம் தோறும் ஒரு கண்ணாடி, கண்ணாடியின்மேல் "என்ன, ரொம்ப டல்லா இருக்கீங்க?", கீழே டின்னின் படம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெளிறிய விளக்கும் உண்டாம். அந்த வெளிச்சத்தில் பயில்வான் போய் நின்றாலும் நோயாளியாகத் தெரிவானாம். இந்தத் திட்டத்துக்கே அவர்தான் தலைவர் என்று மேனேஜர் அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். தெம்பு சார் எழுந்து நின்றார்; நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தார்கள்.

"என் பொண்ணு டல்லா இல்ல சார்."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க பொண்ணைப் பத்தி இப்ப யாரு பேசினா?" என்றார்.

"நான்தான் சார். இத்தனை வருஷமா நான்தான் பேசிட்டு இருந்தேன்."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யாரும் தள்ளவில்லை, கூப்பிடக்கூடச் செய்தார்கள். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலை தானாகச் சாய்ந்தது. கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு பட்டப்பகல் வெயிலில் இறங்கி நடந்தார்.

நடந்தது இவ்வளவுதான். இனியும் திருடினார், தூங்கினார் என்று பேசுகிறவர்கள் பேசுங்கள். ஆனால் இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில், பாவம், தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு வந்த ஒருவரை நிறுத்தி, "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்று கேட்டது யார்? தெம்பு சாராவது சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டார்.